கூட்டம் நடத்தும் வீப்கே

மல்லாந்து நீந்துகிறவர்களுக்குச் சுவர் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் வீப்கே குளத்தின் ஓரமாக அவர்களுக்கு இணையாக நடப்பார். அவர்கள் வேகமாகப் போனால் வேகமாக, திணறினால் மெதுவாக. சுவர் நெருங்கும்போது கையிலிருக்கும் நீளக் கழியால் விளிம்பை இரண்டு தட்டு தட்டுவார். காது தண்ணீருக்குள் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். நீந்துகிறவர் கையைத் தலைக்கு மேல் நீட்டுவார். கை சுவரைத் தொடும், தலை தப்பிக்கும். வீப்கே திரும்பி, அடுத்தவரோடு நடக்கத் தொடங்குவார். யாரும் நன்றி சொல்வதில்லை. பலருக்கு அவர் அப்படி நடப்பதே தெரியாது.

ஹோல்ஸ்டெட் நகராட்சி நீச்சல் குளத்தில் அவர் உயிர்காக்கும் காவலராகச் சேர்ந்தபோது எனக்குப் பல் முளைத்திருக்காது. அறுபதைத் தாண்டிய உயரமான உடம்பு. தோள் இன்னும் நீச்சல்காரத் தோள். வெட்டிவிட்ட நரைமுடி எப்போதும் பாதி ஈரம். கழுத்தில் ஒரு ஊதல் தொங்கும், ஆனால் ஊதமாட்டார். காரணம் கேட்டால், "ஊதினா பத்து பேரு திரும்பிப் பாப்பான். தப்பு செஞ்சவன் மட்டும் பாக்கமாட்டான்" என்பார். ஓடிவந்து குதிக்கும் பையன்களிடம் போய்ப் பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். பேசமாட்டார். பையன்கள் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எரிவாயு விலை ஏறிய அந்தக் குளிர்காலத்தில், குளத்துத் தண்ணீரின் சூட்டை இரண்டு பாகை குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மற்ற ஊழியர்கள் உத்தரவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். வீப்கே ஒளியவில்லை. "நகர மன்றத்துல இதக் கேட்டு வாங்குனதே எங்க பசுமை அணிதான். திட்டுறதா இருந்தா என்னத் திட்டுங்க" என்று தண்ணீர்ப் பயிற்சிக்கு வரும் முதிய பெண்களிடம் போய் நின்றார். திட்டினார்கள்.

"ஏண்டி வீப்கே, எங்களப் பாத்தா ஒனக்கு மீனாட்டம் தெரியுதா?" என்றாள் உர்ஸெல் என்கிற எண்பது வயதுக்காரி, இடுப்பளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு.

"மீனு இவ்வளவு பேசாது. கையக் கால ஆட்டு, சூடாயிடும்" என்றார் வீப்கே.

மறுநாள் இரண்டு பெரிய குடுவைகளில் புதினாத் தேநீர் போட்டு எடுத்து வந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க எடுத்து வந்தார். மூட்டுவலிக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். சூட்டைத் திரும்ப ஏற்றிய பிறகும் பாதிப் பேர் வரவில்லை. தேநீர் மிஞ்சிக்கொண்டே போனது. மிஞ்சியதை ஊழியர்களுக்கு ஊற்றியபடி ஒருநாள் சொன்னார்: "கணக்கு சரிதான். ஆளுதான் கொறையுது."

அவரிடம் கார் கிடையாது. விமானத்தில் ஏறுவதில்லை. மகன் லிஸ்பனில் இருக்கிறான், அவனைப் பார்க்க இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து போவார், மடியில் கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரிக்காயும். ரயில் பாதையை ஒட்டி அவருடைய பெற்றோர் விட்டுப்போன சின்ன வீடு. கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். வாடகை கொடுத்த காலம் அவருக்கு மறந்துவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் அவரே தன்னைப் பற்றிச் சொன்ன குறை இது.

என் அம்மா அந்தக் குளத்தில் உடைமாற்றும் அறைகளைத் துடைக்கும் வேலையில் இருக்கிறார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கழியின் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எனக்கு நீச்சல் பழக்கியவர் வீப்கே. பல்கலைக்கழகம் போய்த் திரும்பியபோது (எங்கள் வீட்டில் அப்படிப் போன முதல் ஆள் நான்) தங்கள் பசுமை அணியின் கூட்டத்துக்கும் அவர்தான் கூட்டிப்போனார். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "படிச்சிருக்கல்ல? வந்து நாற்காலி போடு" என்றார்.

பசுமை அணி என்பது பெரிய கட்சி எதையும் சேராத, எங்கள் ஊருக்குள்ளேயே முளைத்த ஒரு சின்னக் கூட்டம். நகர மன்றத்தில் அதற்கு நாலு இடம். மற்ற இரண்டு பெரிய கட்சிகளும் ஏறக்குறைய சரிபாதியாக நிற்பதால், இந்த நாலு கை எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் ஊர் சாயும். அந்த நாலு பேரும் எப்படிக் கை தூக்க வேண்டும் என்பதை மாதத்தின் முதல் வியாழன் மாலை, தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கூடத்தில், வந்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வோம். வீப்கேக்கு மன்றத்தில் இடம் இல்லை. ஆனால் கூட்டத்தை நடத்துவது அவர்தான்.

நடத்துகிற விதத்தைப் பார்க்க வேண்டும். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். பேச விரும்பிப் பெண் ஒருத்தி கை தூக்கினால் இடக்கை விரல் ஒன்று மடங்கும், ஆண் என்றால் வலக்கை விரல். இந்தக் கையிலிருந்து ஒன்று, அந்தக் கையிலிருந்து ஒன்று என்று மாறி மாறி அழைப்பார். ஆண் ஒருவர் பேசினால் அடுத்து ஒரு பெண் பேச வேண்டும், அதுதான் விதி. பேச விரும்பும் பெண்கள் தீர்ந்துபோனால் விவாதம் அங்கேயே நிற்கும். தொடரலாமா, முடித்துவிடலாமா என்று கூட்டத்திலிருக்கும் பெண்கள் மட்டும் முடிவு செய்வார்கள். கைதட்டுவதும் கிடையாது. தட்டினால் அடுத்துப் பேசுகிறவர் மிரண்டுவிடுவாராம். பிடித்திருந்தால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டுவோம். புதிதாக வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், மூன்றாவது கூட்டத்தில் அவர்களும் ஆட்டுவார்கள்.

இந்த விதி சும்மா வந்ததல்ல. ஆரம்ப காலத்தில் டீட்லெஃப் என்கிற உயிரியல் ஆசிரியரும் அவருடைய நண்பர்களும்தான் பேசுவார்களாம். தவளைகள் சாலையைக் கடப்பது பற்றி டீட்லெஃப் பேச ஆரம்பித்தால், தவளைகளே கடந்து முடித்துவிடும் என்பார்கள். "மொத ரெண்டு வருஷம் நான் அங்க வாயத் தெறந்ததே, பால் வேணுமா சக்கர வேணுமான்னு கேக்கத்தான்" என்று வீப்கே சொல்லியிருக்கிறார். பிறகு ஒருநாள் காப்பிக் குடுவையை மேசைமேல் வைத்துவிட்டு, இனி யாருக்கு வேண்டுமோ அவர்களே ஊற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் விதி வந்துவிட்டது. எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. என் அம்மாவைப் போன்ற ஒருத்தி உள்ளே வந்தால் அவளுக்கும் முறை வரும் என்று நினைத்துக்கொள்வேன். அம்மா ஒருநாளும் வந்ததில்லை. வேலை முடிந்து வியாழன் மாலைகளில் அவர் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை காலைகளில் மூன்றாம் தடத்தில் மல்லாந்து நீந்துகிறவர் நெவ்ஸாத். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். செங்கல்சூளைத் தெருவிலுள்ள பழைய நகராட்சிக் குடியிருப்பில், மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். அங்கிருந்து குளத்துக்கு நடந்தே வருவார். குளத்துக்கு வரும் துருக்கிப் பையன்கள் அவரை அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, வீப்கேயும் "அண்ணே" என்றே கூப்பிடுவார். அவர் வீப்கேயை அழைப்பது "கேப்டன்" என்று.

"கேப்டன், இன்னிக்கித் தண்ணி உங்க அணிக்காரங்க மாதிரி இருக்கு."

"எப்பிடி அண்ணே?"

"ரொம்ப சுத்தம். கொஞ்சம் சில்லுன்னு இருக்கு."

வீப்கே கழியை நீட்டி அவர் தலையில் தண்ணீர் தெளிப்பார். அவர் சிரித்துக்கொண்டே மல்லாந்து போவார். சூடு குறைந்த குளிர்காலத்திலும் ஒரு செவ்வாய்கூடத் தவறாமல் வந்தவர் அவர்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி வீட்டு நிறுவனம் செங்கல்சூளைத் தெருவுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடியிருப்பின் வெளிச்சுவர்களுக்கு மெத்தை போலக் கனமான உறை போர்த்துவது, ஜன்னல்களை மாற்றுவது, அடித்தளத்திலுள்ள எரிவாயுக் கொதிகலன்களைத் தூக்கிவிட்டு வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் மின் எந்திரங்களை வைப்பது. நாங்கள் பல வருடங்களாகக் கேட்டுவந்த திட்டம். செலவில் ஒரு பகுதியைச் சட்டப்படி வாடகையில் ஏற்றலாம். எவ்வளவு ஏறும் என்பதைத் திட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. ஏற்றத்துக்கு ஒரு வரம்பு கட்டச் சொல்லி எங்கள் நாலு பேர் மன்றத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், ஏனென்றால் எங்கள் கை இல்லாமல் திட்டமே நிறைவேறாது. கேட்பதா, வேண்டாமா என்பதுதான் அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தின் முன்னால் இருந்த கேள்வி.

அதற்கு முந்தைய செவ்வாய், வீப்கே குளத்தோரத்தில் குந்தி உட்கார்ந்து நெவ்ஸாத்தைக் கூப்பிட்டது எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சாவி கொடுக்கப் போயிருந்தேன்.

"அண்ணே, வியாழக்கிழம எங்க கூட்டத்துக்கு வாங்க. உங்க வீட்டப் பத்திப் பேசுறோம். நாங்களே பேசிக்கிட்டா எப்பிடி? நீங்க வந்து பேசுங்க."

"எனக்குப் பேச்செல்லாம் வராது கேப்டன்."

"ரெண்டு வார்த்த போதும். யாரு வேணா பேசலாம், உறுப்பினரா இருக்கணும்னு இல்ல. நான் பாத்துக்கறேன்."

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சாம்பல் நிறக் கோட்டு, பளபளப்பான காலணி. மகள் திருமணத்துக்குத் தைத்த கோட்டாம். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். விவாதம் சூடாகத்தான் போனது. டீட்லெஃப் பேசினார். கார்பன் கணக்குத் தெரிந்த இன்னொருவர் பேசினார். மன்றத்திலுள்ள எங்கள் நாலு பேரில் ஒருத்தியான மாரைக்கே பேசினாள். வரம்பு கேட்டால் வீட்டு நிறுவனம் பின்வாங்கிவிடும், திட்டம் இன்னும் ஐந்து வருடம் தள்ளிப்போகும் என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. குடியிருப்பில் வாழ்கிறவர்கள் பெயரால் பலர் பேசினார்கள். வாழ்கிறவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பையன்போல் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார். வீப்கேயின் வலக்கையில் ஒரு விரல் மடங்கியதைப் பார்த்தேன். அவர் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

"தம்பி, இங்க பேசணும்னா டோக்கன் வாங்கணுமா?" என்று நெவ்ஸாத் என் காதில் கேட்டார்.

"இல்ல அண்ணே, பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

"அஞ்சலாபீசு மாதிரிதான்" என்று சொல்லி விரலை இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு முன்னால் ஒரு ஆண் பேசி முடித்தார். அடுத்து ஒரு பெண் பேச வேண்டும். வீப்கேயின் இடக்கை விரல்கள் எல்லாம் விரிந்திருந்தன. யாரும் இல்லை. வீப்கே எழுந்து நின்றார்.

"பேசப் பெண்கள் யாரும் பாக்கி இல்ல. விவாதம் தொடரலாமா, முடிச்சுக்கலாமா? பெண்கள் மட்டும் சொல்லுங்க."

எல்லோருக்கும் களைப்பு. இரண்டு பேருக்குக் குழந்தைகளைக் கூப்பிடப் போக வேண்டும். மாரைக்கேதான் சந்தேகமாகக் கேட்டாள்: "கடைசில ஒருத்தர் விரல் தூக்கிட்டு இருக்காரே, விருந்தாளி மாதிரி தெரியுது. ஒரு விதிவிலக்கு...?"

வீப்கே கடைசி வரிசையைப் பார்த்தார். நெவ்ஸாத்தைத்தான் பார்த்தார். யார் என்று தெரிந்தே பார்த்தார். ஆனால் கூட்டம் நடத்தும்போது அவருக்கு ஒரு முகம் வந்துவிடும். குளத்தில் எல்லாத் தடங்களையும் ஒரே நேரத்தில் பார்க்கிற, எந்த ஆளையும் தனியாகப் பார்க்காத முகம்.

"விதிவிலக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சா, அது எப்பவும் ஒரு ஆம்பளைக்காகத்தான் ஆரம்பிக்கும்" என்றார்.

சிரிப்பு எழுந்தது. நல்ல வார்த்தைதான். இரண்டு பக்கமும் கைகள் உயர்ந்து விரல்கள் ஆடின. டீட்லெஃப் முகத்தைச் சுளித்தார், அதற்கும் சிரித்தார்கள். பெண்கள் கை தூக்கினார்கள். விவாதம் முடிந்தது. திட்டத்தை முழுமையாக ஆதரிப்பது, வாடகையை மக்கள் தாங்கும்படி வைத்துக்கொள்ளுமாறு வீட்டு நிறுவனத்தைக் கேட்டுக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேறியது. கேட்டுக்கொள்வது, அவ்வளவுதான். வரம்பு என்ற சொல் அதில் இல்லை. மறுபடி எல்லோரும் கைகளை உயர்த்தி ஆட்டினோம். நெவ்ஸாத் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் செய்கிறார்களே என்று, கப்பல் கிளம்பும்போது கரையில் நிற்கிறவர்போல், அவரும் கைகளைத் தூக்கிச் சிரித்தபடி ஆட்டினார்.

வாசலில் வீப்கே அவரிடம் ஓடிவந்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது விதி. அடுத்த மாசம் மொத ஆளாப் பேசுங்க."

"இதுல கோவம் என்ன கேப்டன்? நல்லா நடத்துனீங்க. ஒரு சத்தமில்ல" என்றார் நெவ்ஸாத். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இருந்ததாகத் தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அடுத்த மாதத்துக்குள் மன்றம் வாக்களித்து முடித்திருந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தீர்மானத்தை விளக்க முயன்றேன். பல்கலைக்கழகத்தில் கற்ற சொற்கள் எல்லாம் அதில் வந்தன. அம்மா காலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வாடக ஏறுமா, ஏறாதா? அத மொதல்ல சொல்லு."

ஏறியது. சாரம் கட்டினார்கள், ஒரு கோடை முழுக்கத் துளை போட்டார்கள், ஜன்னல் மாற்றினார்கள். இலையுதிர் காலத்தில் ஏற்றம் வந்து சேர்ந்தது. நெவ்ஸாத்தின் பென்ஷனில் பாதிக்கு மேல் வாடகைக்குப் போகும் என்று ஆனது. வீப்கே தன் ஓய்வு நாட்களை எல்லாம் அதற்குச் செலவழித்தார். வீட்டு நிறுவனத்துக்கு அவரைக் கூட்டிப்போனார். கஷ்டத்தைச் சொல்லி விலக்குக் கேட்க ஒரு கெடு இருந்ததாம், வேலை தொடங்குவதற்கு முன்பே அது முடிந்துவிட்டதாம். நகராட்சிக்குப் போனார். அவர் காத்திருந்து, பல்லைக் கடித்து, குரலை உயர்த்தி, கடைசியில் மன்ற உறுப்பினர்கள் நாலு பேரையும் நெருக்கிப் பிடித்து, வாடகை ஏற்றத்துக்கு வரம்பு ஒன்றைக் கொண்டுவர வைத்தார். மன்றம் ஏற்றது. அது அடுத்து வேலை தொடங்கவிருந்த தெருவுக்குத்தான் பொருந்தும். செங்கல்சூளைத் தெருவுக்கு இல்லை. அந்த அடுத்த தெருவில் யாருக்கும் வீப்கேயைத் தெரியாது.

டீட்லெஃப் இதை விடவில்லை. ஒரு கூட்டத்தில் எழுந்து, நெவ்ஸாத்துக்கு நடந்ததைச் சொல்லி, ஆண்-பெண் மாறிப் பேசும் விதியையே எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நன்றாகப் பேசினார். எல்லோரும் வீப்கேயைப் பார்த்தார்கள். வீப்கே அன்று நடத்தும் இடத்திலிருந்து இறங்கி, மாரைக்கேயை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு, பேசுகிறவர்களின் வரிசையில் வந்து நின்றார்.

"தப்பு செஞ்சது நானு. விதி இல்ல. அன்னிக்கி அந்த மனுசன யாருன்னு எனக்குத் தெரியும், நான்தான் கூப்பிட்டேன், நான்தான் உக்கார வெச்சேன். வாடகைன்னா என்னன்னு எனக்கு மறந்துபோச்சு. நான் செஞ்சதுக்கு என்னத் தூக்கில போடுங்க, விதியத் தூக்கில போடாதீங்க. டீட்லெஃப், இத்தன வருஷத்துல நீ பேசாம விட்டது எதாவது இருக்கா? ஒண்ணு சொல்லு."

டீட்லெஃப் உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் தோற்றது. வெளியிலிருந்து வருகிறவர்கள் எந்த விரலுக்கும் காத்திருக்காமல் முதலில் பேசலாம் என்று ஒரு வரி சேர்த்தோம். இப்போதும் வீப்கேதான் நடத்துகிறார். முன்பைவிட அடிக்கடி கடைசி வரிசையைப் பார்க்கிறார். அங்கே வெளியாட்கள் யாரும் வருவதில்லை.

விதி சரிதான். வீடுகளுக்கு உறை போர்த்தியதும் சரிதான்; அந்தத் தெரு இன்று முன்னளவில் பாதி எரிசக்திகூடச் செலவழிப்பதில்லை. நான் இரண்டையும் நம்புகிறேன். நம்பிக்கொண்டே, இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் ஒரு மனிதர் கீழே விழுந்தார் என்று தேடுகிறேன். அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும்படி யாராவது கேட்டால், கூடத்தின் எல்லா நாற்காலிகளையும் காட்ட வேண்டியிருக்கும். போட்டவன் நான்.

நெவ்ஸாத் ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் மலிவாக வீடு பிடித்தார். பழைய எண்ணெய்க் கொதிகலன் வைத்த வீடு. பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"காத்து நல்ல சுத்தம் கேப்டன். பஸ்தான் இல்ல. அதுக்கு ஒரு டீசல் வண்டி வாங்கிட்டேன். ரொம்பப் பழசு, புகை விட்டுச்சுன்னா கிராமத்துல ஒரு கொசு தங்காது" என்று குளத்தோரத்தில் நின்று சிரித்தார். வாழ்நாளில் முதல் கார். வீப்கேயும் சிரிக்க முயன்றார். வீடு மாறுவதற்கு முந்தைய செவ்வாய் அது; அதோடு நெவ்ஸாத் குளத்துக்கு வருவதும் நின்றது.

போன ஜனவரியில் அவர் வீடு மாறினார். வீடு மாறுகிறவருக்குத் தெரிந்தவர்கள் போய்ப் பெட்டி தூக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வீப்கே எங்கள் அணியிலிருந்து ஆட்களைத் திரட்டினார். ஐந்தாறு பேர் போனோம். அவரவர் சைக்கிளில், அதுவும் முன்னால் பெரிய மரப்பெட்டி பொருத்திய சைக்கிள்களில். புகை விடாமல் வீட்டைக் காலிசெய்து கொடுப்போம் என்று மாரைக்கே நிஜமாகவே நம்பினாள். வாசலில் நெவ்ஸாத்தின் தங்கை மகன் ஒரு வாடகை வேனின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். எங்கள் வரிசையைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாமா, கீழ வந்து பாருங்க! இதுல என்னத்த ஏத்துறது? உப்பு டப்பாவா?"

"டேய், மரியாதையாப் பேசு. கேப்டன் வந்திருக்காங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

அலமாரியும் கட்டிலும் வேனில் போயின. எங்கள் மரப்பெட்டிகளுக்குப் பூந்தொட்டிகள், தலையணைகள், ஒரு மேசைவிளக்கு. முப்பது கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும் என்று தெரிந்ததும் கடைசியில் அவற்றையும் வேனுக்குள் திணித்தோம். வீப்கே மட்டும் மூன்று மாடி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தூக்க முடிந்ததை எல்லாம் தூக்கினார். யாரையும் முகம் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் வெறும் வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். புது ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை. நெவ்ஸாத் பைகளைத் தடவிச் சாவியைத் தேடினார். வீப்கே கோட்டைக் கழற்றாமல், கையுறையைக் கழற்றாமல் நடுவில் நின்றார்.

"அண்ணே, அன்னிக்கிக் கூட்டத்துல என்ன சொல்ல வந்தீங்க?"

"அத இன்னுமா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"சொல்லுங்க."

நெவ்ஸாத் படுக்கையறையின் வெளிப்பக்கச் சுவரருகே போனார். கட்டிலின் தலைப்பக்கம் இருந்த இடத்தில், சுவர்த்தாளில் வெளுத்த ஒரு சதுரம் தெரிந்தது.

"இந்தச் செவுரு இருக்கே, குளிர்காலத்துல ஐஸ்கட்டி. என் வீட்டுக்காரி இதுமேல கம்பளத்தத் தொங்கவிட்டு, அதுக்கும் மேல தலகாணி வெச்சுப் படுப்பா. அவளுக்கு நெஞ்சுச் சளி இங்கருந்துதான் வந்துச்சு. அதான், சீக்கிரமா செய்யுங்க, நான் உங்க பக்கம்தான்னு சொல்ல வந்தேன். வாடகைய மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு. வேற ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷங்கூட ஆகியிருக்காது."

பிறகு சுவரை உள்ளங்கையால் தட்டினார். "நல்லா செஞ்சிருக்காங்க கேப்டன். தொட்டுப் பாருங்க. இந்தப் பாதிக் குளிர்காலந்தான் நான் இதப் பாத்தேன்."

கீழே வேன் ஒலியெழுப்பியது. நெவ்ஸாத் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வீப்கே வலக்கை உறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்துவிட்டு, அந்த வெளுத்த சதுரத்தின்மேல் கையை வைத்தார். வேன் மறுபடி ஒலியெழுப்பியது. அவர் கையை எடுக்கவில்லை. இடக்கை உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, அந்தக் கையையும் பக்கத்தில் வைத்தார்.